கொசுவத்தி போதும், பரண்ல ஏறுங்க

ஸ்னோ ஒயிட்டை நீங்க யாரும் காப்பாத்த வேணாம் மக்களே. அந்தம்மாவைப் பார்த்துக்க அமெரிக்காவுல ஒரு பெரிய கம்பெனி இருக்கு. படச்சுருள் இருக்கு, அதை வைக்க குளிரூட்டின அறை இருக்கு, காவலுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கு. நீங்க அஞ்சாவது தடவையா ஒரு ஸ்டீல்புக் வாங்கி அலமாரியில வெச்சாத்தான் அந்தப் படம் பொழைக்கும்னு ஒண்ணும் இல்ல.

எடுத்ததுமே ஏன் இவ்ளோ காட்டம்னு கேக்கறீங்களா? கொஞ்ச நாளா நம்ம பதிவர் வட்டத்துல ஒரே கொசுவத்தி. ஆளாளுக்கு சின்ன வயசுல பார்த்த சிண்ட்ரெல்லா, ஸ்லீப்பிங் பியூட்டி, லிட்டில் மெர்மெய்ட்னு சுத்தித் தள்றீங்க. பதிவுக்குக் கீழ அலமாரி போட்டோ. பின்னூட்டத்துல "ஆஹா அருமை, நம்ம கலெக்‌ஷனையும் வந்து பாருங்க"ன்னு இன்னொரு அலமாரி போட்டோ. எல்லாம் பளபளன்னு இருக்கு. பாதி, உறை கூட பிரிக்காம இருக்கு.

எல்லாம் சரி. ஆனா ஒரு அலமாரியில கூட, நீங்க சின்ன வயசுல நிஜமா பார்த்த அந்த டிஸ்க் இல்லையே சாமி! அது எங்க போச்சு?

அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

நாம பார்த்தது எது?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா அரியலூர் போகணும். அதனால எங்க ஊருக்கு டிஸ்னியும் பஸ்லதான் வந்தார். சென்னை பர்மா பஜார்ல கிளம்பி, திருச்சியில இறங்கி, அங்கேர்ந்து பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு சிடி வாடகைக் கடைக்கு. நாள் வாடகை பத்து ரூபா. ஜெராக்ஸ் எடுத்த அட்டை, அதுல இளவரசி முகம் பாதி கருப்பு. ஒரிஜினலா டூப்ளிகேட்டாங்கற கேள்வியே கிடையாது. கடையில இருந்ததே ஒரே வகைதான்.

2006ல கலைஞர் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க தெருவுல அந்த டிவி வந்த வீட்டுல எல்லாம் அடுத்து வாங்கின பொருள் விசிடி பிளேயர்தான். ஒரு மிக்ஸி விலை கூட இல்ல. பேர் தெரியாத சைனா கம்பெனி. கீறல் விழுந்த டிஸ்க்கை ஒழுங்கான கம்பெனி பிளேயர் துப்பிடும், இது மட்டும் முனகிக்கிட்டே ஓட்டிடும்.

விசிடின்னா என்னன்னு மறந்தவங்களுக்கு ரெண்டு வரி டெக்னிக்கல். படத்தோட அளவு 352க்கு 288 புள்ளி, அவ்ளோதான். ஒரு டிஸ்க்ல 74 நிமிஷம் கொள்ளும். ஸ்னோ ஒயிட் 83 நிமிஷப் படம், அதனால ரெண்டு டிஸ்க். ஸ்லீப்பிங் பியூட்டி 75 நிமிஷம், ஒரு நிமிஷத்துக்காக அதுவும் ரெண்டு டிஸ்க் :-)

அந்த ஸ்லீப்பிங் பியூட்டி எங்க வீட்டுல இருந்துச்சு. ராட்டை ஊசி குத்தி அரோரா தூங்குறதோட முதல் டிஸ்க் முடியும். முத்தம் கொடுத்து எழுப்புறது ரெண்டாவது டிஸ்க். அந்த ரெண்டாவது டிஸ்க் யாரோ இரவல் வாங்கிட்டுப் போய் திரும்ப வரல. கதையில அவ நூறு வருஷம் தூங்குவா, டிஸ்னி 1959 படத்துல ஒரே ராத்திரியில முடிச்சிட்டாங்க, எங்க வீட்டுல நாலு வருஷம் தூங்கினா. நானும் என் தங்கச்சியும் அவ எப்படி எழுந்திருப்பான்னு நாங்களே ஒரு முடிவு வெச்சிருந்தோம். அதுல முத்தமே கிடையாது, மூஞ்சியில தண்ணி அடிச்சு எழுப்பறது.

இப்ப சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச 4கே டிஸ்க்ல இது இருக்கா?

"எல்லாம் ஓடிடில இருக்கே பாஸ்"

முதல் எதிரி இந்த வாக்கியம். ஆபீஸ்ல, கல்யாண வீட்டுல, பின்னூட்டத்துல, எங்க போனாலும் இதே பாட்டு. இருக்கு, ஒத்துக்கறேன். இன்னிக்கு இருக்கு.

2015ல ஹாட்ஸ்டார். 2020 ஏப்ரல்ல டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரியில ஜியோஹாட்ஸ்டார். பத்து வருஷத்துல மூணு போர்டு மாத்தின கடை இது. 2023 மார்ச் 31 ஓட எச்பிஓ சரக்கு மொத்தமா அங்கேர்ந்து கிளம்பிடுச்சு. அதே 2023 மே மாசம் டிஸ்னி தன்னோட சொந்த சரக்கையே டஜன் கணக்குல டிஸ்னி பிளஸ்ல இருந்து தூக்குனாங்க. வில்லோன்னு ஒரு மந்திர தந்திர சீரியல், 2022 கடைசியில வந்தது, ஆறே மாசத்துல காலி. கிரேட்டர்னு ஒரு படம், 2023 மே மாசம் வந்துச்சு, ஜூன் முடியறதுக்குள்ள காணோம். காசு கொடுத்துப் பார்த்தவனுக்கு ஒரு டிஸ்க் கூட மிச்சம் இல்ல.

சரி, டிஸ்க்காவது தொடர்ந்து வருமா? ஆஸ்திரேலியாவுல புது டிஸ்க் விக்கிறதை நிறுத்தப் போறோம்னு டிஸ்னி 2023ல சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல டிஸ்க் வேலையை 2024ல சோனிகிட்ட தள்ளி விட்டுட்டாங்க. இந்தியாவுல 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு வந்த மோசர் பேயர் 2018ல கலைப்புக்கே போயிடுச்சு. டேப் ஓட்டுற விசிஆரைக் கடைசியா தயாரிச்சுக்கிட்டு இருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016லயே கடையைக் கட்டிடுச்சு.

அதனால "ஓடிடில இருக்கே"ன்னா, "அவங்க இஷ்டப்படுற வரைக்கும் இருக்கு"ன்னு அர்த்தம். ஸ்னோ ஒயிட் மாதிரி காசு கொழிக்கிற படத்தை அவங்க விட மாட்டாங்க, அது ரொம்ப நாள் இருக்கும். என் கவலை அதைப் பத்தி இல்லவே இல்ல.

ஒரு படம் ஒரு படம் இல்ல

இதை சேகரிக்கறவங்களே மறந்துட்டுப் பேசறாங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

அலாவுதீன் 1992ல தியேட்டருக்கு வந்துச்சு. முதல் பாட்டுல அரபு நாட்டை அசிங்கப்படுத்துற மாதிரி வரி இருக்குன்னு அமெரிக்க அரபு அமைப்பு சண்டை போட்டாங்க. 1993ல வீட்டு வீடியோ வர்றப்போ அந்த வரி மாறிடுச்சு. பியூட்டி அண்ட் த பீஸ்ட் 1991 படம். சிறந்த படம் பிரிவுல ஆஸ்கருக்கு நிறுத்தப்பட்ட முதல் கார்ட்டூன் படம் அதுதான். 2002ல அதுல ஒரு முழுப் பாட்டை புதுசா வரைஞ்சு நடுவுல சொருகினாங்க. 1950 சிண்ட்ரெல்லாவை 2012 ப்ளூ-ரேக்காக சுத்தம் பண்றேன்னு தேய்ச்ச தேய்ப்புல, ஓவியர்கள் கையால போட்ட மெல்லிசு கோடுகளும் சேர்ந்து அழிஞ்சு போச்சுன்னு ரசிகர்கள் கூப்பாடு போட்டாங்க. பழைய டேப்பும் டிஸ்க்கும் வெச்சிருந்தவங்க பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினாங்க, "இதோ பாரு, இங்க கோடு இருந்துச்சு"ன்னு. 2023ல வந்த 4கே பதிப்புலதான் அந்தப் பழைய தன்மை திரும்பி வந்துச்சு.

ஆக, பதிப்புக்குப் பதிப்பு படம் மாறும். கம்பெனி எந்தப் பதிப்பை வெச்சுக்கணும்னு நினைக்குதோ அதை மட்டும் வெச்சுக்கும். மிச்சத்தை வெச்சிருக்கறது ரசிகன். சேகரிப்புங்கற வேலைக்கு இருக்கற ஒரே நியாயம் இதுதான்.

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு உதாரணம் வேணும்னா ராமாயணம் கார்ட்டூன். இதிகாசம்தான், தேவதைக் கதை இல்ல, இருந்தாலும் கேளுங்க. ஜப்பான்காரர் யூகோ சாகோ, நம்ம ராம் மோகன் எல்லாம் சேர்ந்து 1992ல முடிச்ச படம். இந்தியில ராமருக்கு அருண் கோவில், ராவணனுக்கு அம்ரிஷ் பூரி குரல். கார்ட்டூன் நெட்வொர்க்ல போட்டுப் போட்டு ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். 2025 ஜனவரி 24ல அதை 4கேல துடைச்சு தியேட்டருக்குக் கொண்டு வந்தாங்க, தமிழ்லயும் சேர்த்து. ரொம்ப சந்தோஷம். ஆனா புதுசா டப்பிங் பண்ணின குரல்களோட. பழைய குரலைத் தேடிப் போறவன் எங்க போவான்? டிவியில ஓடறப்போ பதிவு பண்ணி வெச்சவன் வீட்டுக்குத்தான்.

இப்ப தமிழுக்கு வாங்க. டிஸ்னி சேனல் 2004 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தப்போவே தமிழ் ஒலியோட வந்துச்சு. 2007ல சுட்டி டிவி. ஃப்ரோஸன் 2 தமிழ்ல வந்தப்போ, 2019ல, எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல்னு போஸ்டர் அடிச்சாங்க. அந்தக் குரல் பத்திரமா இருக்கும், ஏன்னா அதுக்கு ஸ்டார் மதிப்பு இருக்கு. அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷமா ஒரு ஸ்டாரும் இல்லாம, கால்ஷீட் கணக்குல வந்து, எலிக்கும் பூனைக்கும் ராஜகுமாரிக்கும் ஒரே நாள்ல பேசிட்டுப் போன டப்பிங் கலைஞர்கள்? அவங்க குரலைக் கேட்டுத்தான் நாம வளர்ந்தோம். அதுக்கு ஸ்டீல்புக் யார் போடப் போறா?

நாமதான். வேற ஆள் இல்ல.

அரியலூர்ல ஏழு குவாரித் தொழிலாளிங்க

இது என் வீட்டுக் கதை, சுயபுராணம்னு திட்டாதீங்க. வாதத்துக்குத் தேவைப்படுது.

பெரியம்மா வீடு அரியலூர். பெரியப்பா அங்க ஒரு சிமெண்ட் ஆலையில வேலை. 2007 நவம்பர்ல அரியலூர் மறுபடி தனி மாவட்டமா பிரிஞ்சப்போ எங்க குடும்பம் ரெண்டு மாவட்டமாச்சு. ஆனா முழுப்பரீட்சை லீவுன்னா எங்க டேரா அங்கதான். சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுமேல வீடு. டிவி மேல துணி போட்டு மூடி வெச்சாலும் சாயங்காலத்துக்குள்ள அது மேல விரலால பேர் எழுதலாம். டிஸ்க் மேலயும்தான்.

படம் இங்கிலீஷ். எங்க யாருக்கும் இங்கிலீஷ் ஓடாது. அதனால பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, டிவி பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வரும். மொழிபெயர்ப்பு எல்லாம் இல்ல, அக்காவுக்கும் பாதிதான் புரியும். மீதி சொந்தச் சரக்கு. ஸ்னோ ஒயிட்ல வர்ற ஏழு குள்ளர்களும் சுரங்கத்துல வேலை பார்க்கறவங்க இல்லியா? அக்கா கணக்குல அவங்க சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போறவங்க. பாட்டுப் பாடிக்கிட்டு வீடு திரும்புற இடத்துல "ஷிஃப்ட் முடிஞ்சுருச்சு, வா வா, சோறு ஆறிடும்"னு ஒரு குரல். தும்மிக்கிட்டே இருக்கற ஆளுக்கு தூசி ஒத்துக்கல, லீவு கேட்டா மேஸ்திரி தர மாட்டேங்குறான். சிடுமூஞ்சிக்கு ஓவர்டைம் காசு வரல. டோபிங்கற கடைக்குட்டி மட்டும் படத்துல பேசவே மாட்டான், அதனால அவன்தான் யூனியன்ல சேராதவன் :-)

2008ல நான் அஞ்சாவது. பெரியம்மா பையன், எங்க அண்ணன், டிப்ளமா முடிச்சுட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்தார். அவருக்கு ஒரு யோசனை. விசிடியில சத்தம் ஸ்டீரியோ, இடது வலதுன்னு ரெண்டு தனி வழி. ஹாங்காங்ல அந்த ரெண்டு வழியிலயும் வேற வேற மொழி போட்டு வித்திருக்காங்க. அண்ணன் அதையே செஞ்சார். இடது பக்கம் ஒரிஜினல் இங்கிலீஷ். வலது பக்கம் எங்க வீட்டு ஆளுங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை, ஒரு ஹெட்போன் மைக், சென்டர் ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு பதிவு பண்ணோம். ராணிக்கும் ஸ்னோ ஒயிட்டுக்கும் அக்கா. மாயக்கண்ணாடிக்கு அண்ணன். குள்ளர்ங்க தலைவர் டாக்குக்கு பெரியப்பா. நிஜமாவே ஷிஃப்ட் முடிச்சுட்டு யூனிபார்மோட வந்து பேசினார்.

பெரியப்பா 2019ல போயிட்டார். போன்ல எடுத்த வீடியோ எதுலயும் அவர் பேசினது இல்ல, கேமரான்னா வாயை மூடிக்கற மனுஷன். அவர் குரல் எங்ககிட்ட இருக்கறது அந்த ரெண்டு டிஸ்க்கோட வலது பக்கத்துல மட்டும்தான்.

போன வருஷம் பரண்ல இருந்து அது கிடைச்சுது, மாவு டப்பாவுக்குள்ள. முதல் டிஸ்க் முழுசா வந்துடுச்சு. ரெண்டாவதுல பதினோரு நிமிஷம் படிக்கவே முடியல. கம்ப்யூட்டர்ல எழுதற சிடியில தகவல் பதியறது ஒரு சாயப் பூச்சு மேல. வெயிலும் சூடும் பட்டா அது மங்கிடும். அரியலூர் ஓட்டு வீட்டுப் பரண்ல பதினஞ்சு சித்திரை தாண்டின டிஸ்க், அந்த அளவு வந்ததே பெரிசு. டிஸ்னி ஸ்டோர்ல போய் அந்த பதினோரு நிமிஷத்தை வாங்க முடியாது.

பிளாக் டயமண்ட் வியாபாரிகளுக்கு

இப்ப ரெண்டாவது எதிரி. 1984ல இருந்து 1994 வரைக்கும் அமெரிக்காவுல டிஸ்னி "த கிளாசிக்ஸ்"னு ஒரு வரிசையில டேப் வித்தாங்க. முதுகுல கருப்பு வைரம் மாதிரி ஒரு சின்னம். இந்த டேப் இருந்தா நீங்க லட்சாதிபதின்னு இணையத்துல ஒரு வதந்தி பல வருஷமா ஓடுது. ஆயிரக்கணக்கான டாலர் விலை போட்டு விக்க வெச்சிருக்கான். விலை போடறது யாரு வேணா போடலாம்யா, வாங்கறவன் வேணாமா? பியூட்டி அண்ட் த பீஸ்ட் டேப் மட்டுமே ரெண்டு கோடிக்கு மேல வித்துச்சு. ரெண்டு கோடி பேர் வீட்டுல இருக்கறது எப்படி அரிய பொருளாகும்?

இதை நம்பி நம்ம மக்கள்ல ஒருத்தர் சென்னைக்கு டேப் வரவழைச்சார். அமெரிக்க டேப் என்டிஎஸ்சி. நம்ம ஊர் பழைய விசிஆர் பால். போட்டா ஒழுங்கா ஓடாது. சரி, அவர்கிட்ட விசிஆராவது இருக்கான்னு கேட்டேன். இல்லையாம். அவ்வ்வ்வ்...

இந்த மோகத்துக்கு விதை போட்டதே கம்பெனிதான், அதையும் சொல்லிடணும். படத்தைக் கொஞ்ச நாள் விப்பாங்க, அப்புறம் "பெட்டகத்துல வெச்சுப் பூட்டப் போறோம், சீக்கிரம் வாங்குங்க"ன்னு விளம்பரம். ஏழெட்டு வருஷம் கழிச்சு வேற அட்டையில மறுபடி. 1937ல வந்த ஸ்னோ ஒயிட், தியேட்டர்லயே திரும்பத் திரும்ப ஓட்டி, 1994லதான் அங்க வீட்டு வீடியோவா வந்துச்சு. அப்புறம் 2001ல டிவிடி, 2009ல ப்ளூ-ரே, 2016ல இன்னொண்ணு, 2023ல 4கே. ஒரே படத்தை ஒரே ஆளுக்கு அஞ்சு தடவை விக்கிற திறமைக்கு ஒரு சல்யூட். அந்த அஞ்சையும் வாங்கி வரிசையா அடுக்கினா அது கம்பெனியோட விற்பனை வரலாறு. உங்க வரலாறு அதுல எங்க?

"அது திருட்டு விசிடி ஆச்சே?"

வரும்னு தெரியும். ஆமா, திருட்டு விசிடிதான். விக்கிறது தப்பு. தமிழ்நாட்டுல 2004ல வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்துல சேர்த்தாங்க. இப்பவும் சொல்றேன், அதை நகல் எடுத்து விக்காதீங்க, ஊருக்கே ஏத்தி விடாதீங்க.

ஆனா ஒரு கணக்கு பாருங்க. நம்ம சட்டப்படி சினிமாவுக்கு 60 வருஷம் காப்புரிமை. 2005ல வந்த ஒரு தமிழ் டப்பிங்குக்கு 2065 கடைசி வரைக்கும் பூட்டு. அன்னிக்கு பூட்டு திறக்கறப்போ உள்ள பொருள் இருக்கணுமில்ல? கம்பெனி டேப்பை அழிச்சிருந்தா? டிவி சேனல் மூடிப் போயிருந்தா? இருபது வருஷத்துல செத்துப் போற டிஸ்க்கும் அறுபது வருஷ சட்டமும் சேர்ந்தா மிஞ்சறது பூஜ்யம். அதுவரைக்கும் யாராவது ஒருத்தன் தன் வீட்டுல, தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி பத்திரமா வெச்சிருக்கறதுல யாருக்கு என்ன நஷ்டம்? எங்க ஊர்ல அந்தப் படத்தை ஒரு நாளும் வித்திராத கம்பெனிக்கா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. "எருமை மாடு வயசாச்சு, இன்னும் பொம்பளப் புள்ளைங்க பொம்மைப் படமா"ன்னு. லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் பழைய இதழுக்காக ஊர் ஊரா பழைய புத்தகக் கடையில குந்திக்கிட்டு இருக்கறவரைப் பார்த்து "வெறியன்யா"ன்னு மதிப்போட சொல்றீங்க. நானும் மதிக்கிறேன். அதே ஆள் சிண்ட்ரெல்லா டிஸ்க் தேடினா மட்டும் சிரிப்பு. துப்பாக்கி இருந்தா ரசனை, பாவாடை இருந்தா குழந்தைத்தனமா? போங்கய்யா.

கல்லாவது மிச்சம் இருக்கு

எங்க பக்கம் சாத்தனூர்ல ஒரு மரம் கல்லாகிக் கிடக்கு. பதினெட்டு மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷம். 1940ல கண்டுபிடிச்சு, புவியியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்குது. அரியலூர் முழுக்க ஒரு காலத்துல கடல். சிமெண்ட்டுக்குத் தோண்டற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடல் பிராணிங்களோட ஓடுதான். வாரணவாசியில அதுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கு. அங்க இருக்கறது லாரியில ஏறாம யாரோ குனிஞ்சு எடுத்த கல். மத்ததெல்லாம் அரைபட்டு மூட்டையாயிடுச்சு.

சினிமாவுலயும் நம்ம லட்சணம் இதேதான். தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931. இன்னிக்கு ஒரு பிரதி கிடையாது. அதுக்கு முன்னாடி நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவோட முதல் படம், அதுவும் கிடையாது. அன்னிக்கு யாருக்கும் அது பெருசா தெரியல. "ஓடி முடிஞ்ச படம்தானே"ன்னு விட்டுட்டாங்க. இன்னிக்கு நீங்க பரண்ல இருக்கற டப்பாவைப் பார்த்து சொல்றதும் அதே வசனம்தான்.

சரி, என்ன செய்யலாம்?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. பொட்டி தட்டுறவன் என்கிற முறையில சில விஷயம்:

1. அடுத்த ஸ்டீல்புக் வாங்கற காசுல ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்குங்க. லேப்டாப்ல இப்பல்லாம் டிரைவே வர்றதில்ல.

2. ஊருக்குப் போறப்போ பரண், பீரோ மேல்தட்டு, தையல் மெஷின் டிராயர் மூணும் பாருங்க. பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி பாருங்க.

3. தூசியைத் துடைக்கறப்போ மெத்துன்னு இருக்கற துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க. வட்டமா தேய்க்காதீங்க. சிடியில பேர் எழுதற மேல்பக்கம்தான் ரொம்ப மென்மை, தகவல் அந்தப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கு. அங்க கீறல் விழுந்தா கதை முடிஞ்சுது.

4. விசிடியில எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள்ள இருக்கற டிஏடி ஃபைல்தான் படம். சும்மா காப்பி பண்ணினா கீறல் இருக்கற இடத்துல நின்னுடும், ஏன்னா விசிடி வீடியோவுக்கு சாதா சிடி ஃபைல் அளவுக்கு பிழை திருத்தம் கிடையாது, இடத்தை மிச்சம் பிடிக்க அதைக் குறைச்சுட்டாங்க. அதனால டிஸ்க்கை முழுசா இமேஜா எடுக்கற மென்பொருள் போடுங்க. ஒரு டிரைவ்ல படிக்காதது இன்னொரு டிரைவ்ல படிக்கும். நான் மூணு டிரைவ் மாத்தினேன்.

5. லோக்கல் கேபிள் சேனல்ல ஓடினதை யாராவது பதிவு பண்ணி வெச்சிருந்தா அதை விளம்பரத்தோட வெச்சுக்கோங்க. கீழ ஓடற ஜவுளிக்கடை விளம்பரம், யார் வீட்டுக் குழந்தைக்கோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்து, எதையும் வெட்டாதீங்க. பத்து வருஷம் கழிச்சு அதுதான் தங்கம்.

6. எந்த ஊர், எந்த வருஷம், யார் வீடு, யார் குரல்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி கூடவே வைங்க. ரெண்டு இடத்துல பிரதி வைங்க. ஊர்ல ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு.

7. டப்பிங் பேசின குரல் யாருதுன்னு தெரிஞ்சவங்க அதைப் பதிவா போடுங்க. படத்தைப் போடாதீங்க, பேரைப் போடுங்க. அதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்ல.

எங்க வீட்டு வலது பக்கச் சத்தத்தைப் பிரிச்சு இப்ப எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அக்கா பொண்ணு ஒண்ணாவது படிக்கிறா. அவளுக்கு ஸ்னோ ஒயிட் 4கேல காட்டினாங்க, பாதியில எழுந்து போயிட்டா. இதை மட்டும் கேட்டுட்டு, "தாத்தா குவாரியிலயா வேலை பார்த்தாரு?"ன்னு கேட்டிருக்கா. ஆமாம்மா, அப்படித்தான் வெச்சுக்கோ.

டிஸ்கி 1: அலமாரி போட்டோ போட்ட நண்பர்கள் யாரையும் தனியா குத்தல. உள்குத்து இல்ல, எல்லாம் வெளிக்குத்துதான் :-)

டிஸ்கி 2: பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் பக்கம் யார்கிட்டயாவது ஸ்லீப்பிங் பியூட்டி ரெண்டாவது டிஸ்க் இருந்தா, தயவு செஞ்சு திருப்பிக் கொடுத்துடுங்க. என் தங்கச்சி இன்னும் கோவத்துல இருக்கா.